பெய்ஜிங் பவனில் ஒத்த இழை

எங்க அக்கா வீட்டுக்காரர் ராசாங்கம் மாமா புளுகுறதுக்கு யாராச்சும் சம்பளம் குடுத்திருந்தா, இந்நேரம் பாதி மதுரைய வாங்கிருப்பாரு. அன்னைக்கு அவங்களுக்குக் கல்யாண நாள். அக்கா காலையிலயே சொல்லிருச்சு, இன்னைக்கு நான் கரண்டியத் தொட மாட்டேன், எனக்குப் பெய்ஜிங் பவன் நூடுல்ஸ்தான் வேணும்னு. என்னையும் கூப்புட்டாங்க. நானும் மத்தியானச் சோத்தக் கொறச்சுக்கிட்டு வந்து சேந்தேன்.

பேருதான் பெய்ஜிங். மாஸ்டருக்கு உசிலம்பட்டி. சாயங்காலம் ஒரு அண்டா நூடுல்ஸ் வேகவைப்பாரு, அது தீந்தா அடுப்ப அணைச்சிருவாரு. கலெக்டரே வந்து நின்னாலும் ரெண்டாவது அண்டா கெடையாது. அதனால ஞாயித்துக்கெழம அங்க சீட்டுப் பிடிக்கிறது லேசுப்பட்ட காரியமில்ல. சாப்புடுறவங்க சேருக்குப் பின்னாடி போய் ஒட்டி நின்னுக்கிறணும். அவங்க எந்திரிச்ச சூட்டோட நாம உக்காந்துறணும்.

அக்கா நல்ல மேசையாப் பாத்துத்தான் எங்கள நிறுத்துச்சு. கண்ணாடி போட்ட ஒரு அம்மா, அவங்க வீட்டுக்காரர், காலேஜ் படிக்கிற மக. மூணு தட்டுலயும் கால்வாசிதான் பாக்கி. வாயப் பொத்திக்கிட்டு நின்னிருந்தா செத்த நேரத்துல உக்காந்திருப்போம். அதுக்கு மாமா வேற ஆளாப் பொறந்திருக்கணும்.

"இந்த மாஸ்டர் இருக்காரே, வெங்காயம் உரிச்சுக்கிட்டு கெடந்த ஆளு"ன்னு அந்தம்மா தலைக்கு மேல குனிஞ்சு ஆரம்பிச்சாரு. "சட்டியத் தூக்கிப்போட்டுப் பிடிக்கச் சொல்லிக்குடுத்ததே நாந்தான். மொத தடவ நான் ஒரு வீசு வீசுனேன். நூடுல்ஸ் மேல போச்சு. நான் வெளிய போய் நிதானமா ஒரு டீ குடிச்சிட்டு வந்து பிடிச்சேன்."

அந்தம்மா முள்கரண்டியக் கீழ வச்சுட்டு மேல பாத்தாங்க. "ஃபேன் ஓடுதே?"

"அதுல பட்டுத்தாம்மா இவ்வளவு சன்னமா வெட்டுப்பட்டுச்சு. அதுக்கு முன்னாடி இங்க ஒரு நூடுல்ஸ் வெரல் தண்டிக்கு இருக்கும்."

மக சிரிச்சிச்சு. சிரிச்சா எங்கிட்டு சாப்புடுறது? அக்கா மாமா இடுப்புல நறுக்குனு கிள்ளுச்சு. அவரு அதக் கைதட்டல்னு எடுத்துக்கிட்டாரு.

"அதெல்லாம் சின்ன விசயம்மா. ஒருநா ஒரு பிளேட்டு சொன்னேன். வந்தது பூராவும் ஒத்த இழை. நுனியப் பிடிச்சு உறிஞ்ச ஆரம்பிச்சேன். தட்டு காலி, ஆனா இழை முடியல. அடுக்களைக்குள்ள இருந்து வந்துக்கிட்டே இருக்கு. நானும் விடல. அண்டா காலி. அப்புறம் பாத்தா, மாஸ்டரு இழையப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு தரையோட தரையா வந்து எங் காலடியில நிக்கிறாரு."

"அப்ப முடிஞ்சிருக்கணுமே" வீட்டுக்காரர் மெதுவாக் கேட்டாரு.

"எங்க முடிஞ்சுச்சு? பின்வாசல் வழியா இழுத்துக்கிட்டுப் போகுது சார். வைகையத் தாண்டிப் போகுது. நல்லவேளை ஆத்துல தண்ணி இல்ல, இல்லேன்னா ஊறிப் போயிருக்கும். பாலத்துக்குக் கீழ சலவைக்காரங்க கொடின்னு நெனச்சு வேட்டியக் காயப் போட்டுட்டாங்க. எனக்கு நூடுல்ஸோட ரெண்டு வேட்டி வந்துச்சு. துப்பிட்டு மறுபடியும் இழுத்தேன்."

பக்கத்து மேசைக்காரங்களும் இப்ப எங்க பக்கமாத் திரும்பிட்டாங்க. அதுக்குப் பின்பக்க மேசை காலியாச்சு. நான் பாஞ்சேன். அதுக்குள்ள ஒரு குடும்பமே பையும் பிள்ளையுமா உக்காந்துருச்சு. வயித்தெரிச்சலோட திரும்பி வந்தேன். அண்டாவுல கரண்டி அடியைச் சொரண்டுற சத்தம் கேக்குது. "மாமா, போதும் மாமா"ன்னு சட்டையப் பிடிச்சு இழுத்தேன். "இரு மாப்ள, சீனா வரப்போகுது"ன்னு கையத் தட்டி விட்டாரு.

"மறுமுனை சீனாவுல இருக்கும்மா. அங்க ஒருத்தன் அதே இழையக் கிண்ணத்துல வச்சு உறிஞ்சுறான். அவன் ஒரு இழுப்பு, நான் ஒரு இழுப்பு. ரெண்டு பேருக்கும் மானப் பிரச்சன. கடைசியில நான் ஒரு காரியம் பண்ணேன். எம் முனையில பச்சமொளகா சாஸத் தடவி விட்டேன். காரம் அப்படியே ஓடி இமயமலைய ஏறி எறங்கி அவன் நாக்குல விழுந்துச்சு. வாய விட்டுட்டான். இழை சுருட்டிக்கிட்டு வந்த வேகத்துல அவன் கிண்ணமும் சேந்து வந்து இங்க விழுந்துச்சு. பாருங்க, கல்லாவுல சில்லறை போட்டு வச்சிருக்காங்களே, அந்தக் கிண்ணந்தான்."

மொத்தக் கடையும் கல்லாவைப் பாத்துச்சு. அந்தம்மா கண்ணாடியச் சரிபண்ணிக்கிட்டாங்க. "அதுல காதணி விழா அன்பளிப்புன்னு பேரு வெட்டியிருக்கே."

"ஏன், சீனாக்காரனுக்குக் காது குத்த மாட்டாங்களா?"

கடையே சிரிச்சிச்சு. மாமா நெஞ்ச நிமித்தி நின்னாரு. அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவுல டப்புனு அடுப்பு அணைஞ்சுச்சு. மாஸ்டர் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்தாரு. "தீந்துருச்சு. எல்லாரும் நாளைக்கு வாங்க."

அக்கா மூஞ்சி சுண்டிப்போச்சு. எனக்கு மத்தியானம் கொறச்ச சோறு ஞாபகத்துக்கு வந்துச்சு. மாமாவுக்குச் சுர்ருனு கோவம் ஏறி, கண்ணாடி போட்ட அம்மா குடும்பத்துப் பக்கம் திரும்பிட்டாரு. "ஏம்மா, இத்தன பேரு நிக்கிறோம்ல, இப்படியா ஆற அமர உக்காந்து சாப்புடுவீங்க?"

நான் அப்பத்தான் தட்டுகளப் பாத்தேன். மூணும் தொடச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. கையக் கூட எப்பவோ கழுவிட்டு வந்திருக்காங்க.

"நாங்க சாப்புட்டு முடிச்சு ரொம்ப நேரமாச்சுண்ணே"ன்னாங்க அந்தம்மா. "நீங்க பாட்டுக்கு நின்னுக்கிட்டுக் கத சொல்றீங்க. பாதியில எந்திரிச்சா மரியாதையா இருக்காதேன்னு உக்காந்திருந்தோம்."

மாமா வாய் மூடி நான் பாத்தது அன்னைக்குத்தான். அதுவும் ஆட்டோ வர்ற வரைக்குந்தான். அக்கா ஜன்னல் ஓரமாத் திரும்பி உக்காந்துக்கிச்சு. ஆட்டோக்காரர் சும்மா இருக்காம, "என்னண்ணே, கடையில சாப்பாடு எப்படி?"ன்னு கேட்டு வச்சாரு.

"அத ஏன் கேக்குறீங்க தம்பி"ன்னாரு மாமா. "இன்னைக்கு நாங்க மூணு பேரு சாப்புட்ட சாப்பாட்டுல கடையவே இழுத்து மூடிட்டாங்க."