ஒரே நிலா, ஒரே பாட்டு

முன்னொரு காலத்தில் தேன்கரை நாட்டைப் பூங்கழல்வர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். எந்த முன்னொரு காலம் என்று துருவிக் கேட்பவர்களுக்கு: ராஜாக்கள் பாட்டு எழுதிய காலம், கேட்டவர்கள் தலையாட்டியே தீரவேண்டிய காலம்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். தாங்கள் சந்திரனின் பிள்ளைகள் என்பது அந்த ஜனங்களின் நம்பிக்கை. அதனால் நிலாவைக் கூப்பிடாமல் யாரும் எந்த வேலையிலும் கை வைக்கமாட்டார்கள். நெல் குத்தும் பெண்களுக்கு ‘நிலா வெளுக்கக் குத்தடி’. ஏற்றம் இறைப்பவர்களுக்கு ‘நிலா ஏறுது கிணத்து மேலே’. பல்லக்குத் தூக்கிகளுக்கு ‘நிலா ஓடுது, நீயும் ஓடு’. இந்தக் கடைசிப் பாட்டைக் கட்டியவள் அரண்மனைப் பாடகி சிலம்பாயி. இனிமையான குரல், துடுக்கான வாய். ஊரெல்லாம் அவள் பாட்டைப் பாடியது. அவைப்புலவர் கவிகுஞ்சரத்துக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

ராஜாவும் ஒரு நிலாப் பாட்டு எழுதினான். ‘நிலாமுகத் திருவே’ என்று தொடங்கும். அந்த ‘லா’வை இழுக்க ஆரம்பித்தால், முடிவதற்குள் நிதானமாக ஒரு வெற்றிலை மடித்துப் போட்டுக்கொள்ளலாம். இலக்கணம் எல்லாம் சரிதான். ஆனால் அரண்மனைக்கு வெளியே அதை யாரும் பாடவில்லை.

“எல்லாம் இந்தத் தெருப்பாட்டுகளால் வந்த வினை, அரசே!” என்றார் கவிகுஞ்சரம். “கண்டவனெல்லாம் நிலா நிலா என்று கத்தினால் தங்கள் நிலா எப்படித் தெரியும்? வானத்தில் ஒரே நிலா. நாட்டிலும் ஒரே நிலாப் பாட்டு இருந்தால் என்ன?”

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “சிலம்பாயி, நீ என்ன சொல்கிறாய்?”

“உங்க பாட்டு நல்ல பாட்டுதான், மகாராஜா. ஆனா யாரும் தானா வாயெடுத்துப் பாடி நான் கேட்டதில்லை.”

ராஜாவின் முகம் சிவந்தது. “இனி என் நிலாப் பாட்டைத் தவிர வேறு நிலாப் பாட்டு இந்த நாட்டில் ஒலிக்கக்கூடாது. பாடுகிறவர் யாராக இருந்தாலும் எல்லைக்கு அப்பால் போகட்டும். முதலில் இவள் போகட்டும்!”

சிலம்பாயிக்கு வேறு ஊரும் கிடையாது, வேறு உறவும் கிடையாது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அமைச்சர் சோலையப்பர் மெல்ல எழுந்தார். “ஆணை அருமை, அரசே. ஒரு சின்ன விண்ணப்பம். தங்கள் பேத்தியைத் தொட்டிலில் இடும் விழா வருகிறது. நல்ல காரியத்துக்கு முன்னால் ஒருத்தியை அழவைத்து அனுப்ப வேண்டாமே. விழா முடிந்ததும் அனுப்பலாம். அதுவரை ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுவது என் பொறுப்பு.”

ராஜா சரி என்றான்.

விழா, ராஜாவின் மகள் வாழ்ந்த வடகோட்டையில். முகூர்த்தம் உச்சிக்கு முன். சிலம்பாயியைச் சமையல் வண்டியோடு முன்னதாக அனுப்பிவிட்டு, அமைச்சர் பல்லக்குத் தலைவன் மூக்கனை அழைத்தார். “ராஜாவின் பாட்டைத்தான் பாடவேண்டும். தாளம் தவறாமல் நடக்கவேண்டும். தெரிகிறதா?” மூக்கன் அவரை ஒரு பார்வை பார்த்தான். “தெரியுதுங்க சாமி. நல்லாவே தெரியுது.”

பல்லக்கு கிளம்பியது. “நி... லா...” என்று தூக்கிகள் இழுத்தார்கள். ஒரு கால் எழும்பியது. அந்தரத்தில் நின்றது. ‘லா’ முடிந்த பிறகுதான் இறங்கியது.

“மூக்கா, ஏன் நிற்கிறாய்?”

“நிக்கலைங்க மகாராஜா. பாட்டுக்குத் தக்கபடி நடக்கிறோம்.”

வெயில் ஏறியது. அரண்மனை வாசல் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது. முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு கிழவி அவர்களைத் தாண்டிப் போனாள். திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: “வடகோட்டைக்கா மகாராஜா? நான் முன்னால போய், நீங்க வந்துக்கிட்டே இருக்கீங்கன்னு சொல்லிடட்டுமா?”

“பாடாமல் தூக்குங்களடா!” என்று கத்தினான் ராஜா. பாடாமல் தூக்கினார்கள். ஒவ்வொரு தோளும் ஒவ்வொரு பக்கம் போனது. பல்லக்கு சாய்ந்து, கிரீடம் ராஜாவின் மூக்குவரை இறங்கியது.

“கவிகுஞ்சரம், ஏதாவது செய்யும்!”

“ஆகா, என்ன கம்பீரமான நடை, அரசே!” என்றார் பக்கத்தில் நடந்துவந்த புலவர்.

சூரியன் உச்சியை நெருங்கியது. பேத்தியின் முகம் நினைவுக்கு வந்தது. ராஜா திரையை விலக்கித் தலையை நீட்டி, தொண்டை கிழியப் பாடினான்: “நிலா ஓடுது, நீயும் ஓடு!”

அவ்வளவுதான். தூக்கிகள் பறந்தார்கள். ராஜா அடிக்கு அடி எடுத்துக்கொடுத்தான். புலவர் புழுதியில் பின்தங்கினார்.

முகூர்த்தம் தவறவில்லை. வடகோட்டை வாசலில் இறங்கியதும், குதிரையில் கூடவே வந்த அமைச்சர் கைகட்டி நின்றார். “அரசே, ஒரு சிக்கல். எல்லைக்கு அப்பால் போகவேண்டியவர் இன்னொருவரும் அகப்பட்டிருக்கிறார்.”

“யார் அந்தத் திமிர் பிடித்தவன்?”

“ஆளைப் பார்த்தால் பெரிய இடம். பல்லக்குக்குள் இருந்து பாடினார். சுருதி மட்டும் கொஞ்சம் விலகல்.”

ராஜா முறைத்தான். பிறகு மீசை துடித்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். “ஓய் சோலையப்பரே, ராஜாவைத் தோளில் தூக்கிவைத்தே குற்றவாளி ஆக்கிவிட்டீரே! ஆணை ரத்து. சிலம்பாயி எங்கும் போகவேண்டாம். உமக்கு என் முத்துமாலை.”

மூச்சிரைக்க வந்துசேர்ந்தார் கவிகுஞ்சரம். “நானும் அப்போதே நினைத்தேன், அரசே...”

“நினைத்தீரா? திரும்பும்போது பல்லக்குக்கு ஒரு தோள் கொடும். சிலம்பாயி பாட்டைப் பாடிக்கொண்டே வாரும்.”

உள்ளே குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. யார் ஆட்டியும் அடங்கவில்லை. ராஜா சிலம்பாயியிடம் தாழ்ந்த குரலில் கேட்டான்: “என் பாட்டு ஒன்றுக்குமே உதவாதா?”

அவள் தொட்டிலருகே போனாள். தொட்டில் கயிற்றைப் பிடித்தாள். “நி... லா...” என்று இழுத்தாள். தொட்டில் போன தூரத்துக்கு அந்த ‘லா’வும் போனது, திரும்பியபோது கூடவே திரும்பியது. அழுகை விக்கலாயிற்று. விக்கல் கொட்டாவியாயிற்று. குழந்தை கண்ணை மூடியது.

ராஜா துள்ளி எழுந்தான். “ஆகா! என் பாட்...”

“உஷ்!” என்றது சபை முழுவதும், சமையல்காரன் உட்பட.

அந்த நாட்டின் ராஜா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தான்.