படித்ததாகக் கொள்வோம்

முன்னொரு காலத்தில் என்று தொடங்க ஆசைதான். ஆனால் இது நடந்தது கைப்பேசிக் காலத்தில். ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் பேரவையில் உறுப்பினர்கள் எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்ததால், அவையை நடத்தும் பொறுப்பு மேசைமேல் கிடந்த பொருள்களிடம் வந்து சேர்ந்தது. மேசை மணி அவைத்தலைவர். சிவப்புப் பேனா ஆய்வுக் குழுவின் தலைவர். ரப்பர் ஸ்டாம்ப், கேட்க வேண்டுமா, பேரவைக்கே தலைவர்.

அந்த அவைக்கு ஒரு நாள் ஓர் அரைத்தாள் வந்தது. தாவரவியல் படிக்கும் எழிலரசி தன் நோட்டிலிருந்து கிழித்து, ஒரே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தாள்: 'நூலக வாசலில் சாய்தளம் வேண்டும்.'

வாசலில் இருந்தவை மூன்று படிகள். அவளுடைய தோழி ருக்சானா சக்கர நாற்காலியில் வருபவள். தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது; அவளுக்கு வேண்டிய புத்தகங்களோ நூலகத்தைவிட்டு வெளியே தராத வகை. எழிலரசி உள்ளே போய்ப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வரும்வரை ருக்சானா வெயிலில் காத்திருப்பாள். அந்த நாற்காலியின் கைப்பிடியில் வைத்துத்தான் அரைத்தாள் எழுதப்பட்டது. அதனால் அந்த வெயில் எப்படிச் சுடும் என்று அதற்குத் தெரியும்.

"முன்மொழிஞ்சாச்சு. வழிமொழிய யாராவது உண்டா?" என்றது மணி.

யாரும் அசையவில்லை. கடைசியில் ஒரு குண்டூசி எழுந்தது.

"நான் இருக்கேன். கவலைப்படாதே, கடைசி வரைக்கும் உன்னை விடமாட்டேன்" என்று சொல்லி அரைத்தாளின் ஓரத்தில் ஏறிக்கொண்டது. அரைத்தாளுக்குச் சுருக்கென்று வலித்தது. ஆனாலும் ஒரு துணை கிடைத்ததே என்று மகிழ்ந்துபோனது.

தீர்மானம் ஆய்வுக் குழுவுக்குப் போயிற்று. சிவப்புப் பேனா மூடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாவகாசமாக அதைப் பார்த்தது.

"'வேண்டும்'னு போட்டா என்னப்பா அர்த்தம்? பெரியவங்ககிட்ட இப்படியா பேசுவாங்க? 'பரிசீலிக்கலாம்'னு மாத்துவோம்."

"ஐயா, பரிசீலனைமேல சக்கரம் ஏறாதே" என்றது அரைத்தாள்.

"தீர்மானம் வாயைத் திறக்கக் கூடாது. விதி பதினொன்று" என்றபடி பேனா மேலும் அடித்தது. "'சாய்தளம்'னு சொன்னா கட்டடப் பிரிவுக்காரங்க கோவிச்சுக்குவாங்க. 'வசதிகள்'னு இருக்கட்டும். அப்புறம், நூலக வாசலை மட்டும் சொன்னா மத்த வாசலெல்லாம் வருத்தப்படாதா? 'வளாகம்'னு போட்டா எல்லாருக்கும் பொது."

அதன்பின் ஆளுக்கொரு திருத்தம். பஞ்சிங் மெஷின் கட்டுப்பாட்டைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தது. அளவுகோல் நேர்மையைப் பற்றி எழுதியது. பசை ஒற்றுமையைப் பற்றியே இரண்டு பக்கம் இழுத்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஊர் நன்மைக்கு ஒரு காரியம் நடக்கும்போது தங்கள் பேரும் அதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நல்ல தாளில் பதினெட்டுப் பக்கம் அச்சாகி வந்தது. அரைத்தாளை அதன் முதுகில் வைத்துக் குண்டூசி குத்திக்கொண்டது.

வாக்கெடுப்பு நாள் வந்தது.

"தீர்மானத்தை முழுசாப் படிச்சிட்டுத்தான் ஓட்டுக்கு விடணும். விதி அப்படி" என்றது மணி.

பதினெட்டுப் பக்கத்தையும் எல்லாரும் ஒருமுறை பார்த்தார்கள். கேன்டீனில் பஜ்ஜி போடும் நேரம் வேறு.

"படித்ததாகக் கொள்வோம்" என்றது ஸ்டாம்ப்.

அப்படிச் சொல்லிவிட்டால் படித்ததாகவே ஆகிவிடும் என்பது அந்த அவையின் வழக்கம். அந்தப் பதினெட்டுப் பக்கத்திலும் சாய்தளம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. வாய்தான் திறக்கக் கூடாது, சத்தம் போடலாமே என்று அரைத்தாள் படபடவென அடித்துக்கொண்டது.

"ஃபேன் காத்து அதிகமா இருக்கு" என்று சொல்லிச் சிவப்புப் பேனா அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

உறுப்பினர்கள் ஒரு கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே மறு கையைத் தூக்கினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஸ்டாம்ப் ஓங்கிக் குத்தியதில் மேசையே அதிர்ந்தது.

நிறைவேறிய தீர்மானத்தை மாணவர் அனைவரும் காணும்படி நூலக அறிவிப்புப் பலகையில் வைக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. பேரவைச் செயலாளர் பதினெட்டுப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு மூன்று படிகளையும் ஒரே தாவாகத் தாவி உள்ளே போனான். பலகையில் குத்த ஊசி இல்லை. கையிலிருந்த தாள்களைப் புரட்டினான். இருந்த ஒரே ஊசியை உருவினான்.

"வரட்டுமா? பெரிய இடத்துல கூப்பிடறாங்க" என்றது குண்டூசி.

"கடைசி வரைக்கும் விடமாட்டேன்னு சொன்னியே?"

"இதுதானே கடைசி. தீர்மானம் நிறைவேறிடுச்சு."

பிடி விட்ட அரைத்தாள் தரையில் விழுந்தது. காற்று அதை வாசலுக்குத் தள்ளியது. மூன்று படிகளையும் மூன்றே புரட்டில் இறங்கிவிட்டது. இறங்குகிறவர்களை அந்தப் படிகள் ஒன்றும் செய்வதில்லை. போய் நின்ற இடத்தில் ஒரு சக்கரம் இருந்தது.

ருக்சானா குனிந்து அதை எடுத்துத் தட்டி மடியில் வைத்துக்கொண்டாள். தோழியின் கையெழுத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அரைத்தாளுக்கு அழுகை முட்டியது. விதி பதினொன்றை மீறியாவது இவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அது தவித்தது. ஆனால் பேரவைக்கு வெளியே தாள்களின் பேச்சு மனிதர் யாருக்கும் கேட்பதில்லை.

அப்போது எழிலரசி வகுப்பு முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"எழில், நம்ம தீர்மானம் பாஸாயிடுச்சுடி. ஒருத்தர்கூட எதிர்க்கலையாம். பதினெட்டுப் பக்கமாம்" என்றாள் ருக்சானா. "உள்ளே போர்டுல குத்தியிருக்காங்களாம். என்ன போட்டிருக்குன்னு நீ கொஞ்சம் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லேன்."