இன்ஸ்பெக்டர் வண்டியின் இரும்புக் காது

கேஸ் வெல்டிங்குக்குப் போடும் கார்பைடு நெடி சந்தைப்பேட்டையெங்கும் மிதந்த காலம் அது. வெல்டர் சவரிமுத்து கடைக்கு இன்ஸ்பெக்டர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்சீட்டைத் தாங்கும் இரும்புக் காது ஒடிந்து தொங்கியது.

“போன மாசம்தானே பத்தவச்சே? நான் ஒத்தையாத்தான் போறேன். இனி ஒடைஞ்சா உன் கடைக்குப் பூட்டு!”

அவருக்கு மாமூலாகத் தேங்காய் கொடுத்தே நொந்துபோன வியாபாரிகள் வேடிக்கை பார்த்தார்கள்.

“ஒத்தை ஆளுக்கு மெல்லிசுப் பட்டை போதுங்கய்யா. பாரம் ஏத்துனா நடுரோட்டுல முறிஞ்சிரும்,” என்றபடி சவரிமுத்து கேஸைப் பற்றவைத்தார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து என்னவோ முணுமுணுத்தார்.

“கேஸ் இரைச்சல்ல ஒண்ணும் கேக்கலைங்கய்யா!”

“ரெண்டு மூட்டை தேங்காய் தாங்கணும்டா!” என்று கத்தினார் இன்ஸ்பெக்டர். சந்தையே சிரித்தது.

சவரிமுத்து போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு. இன்றைக்கும் அங்கே எந்த அதிகாரி வண்டியை நிறுத்தினாலும், யாராவது பணிவாகக் கேட்பார்கள்: “எத்தனை மூட்டை தாங்குங்கய்யா?”