நூற்று நாலாவது மீன்

முன்னொரு காலத்தில் கழிமுக நாட்டை இரணசூரன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். அந்த நாட்டில் பாதி தண்ணீர். ஆகவே அவனும் பாதி மன்னன்தான் என்று பக்கத்து நாட்டார் கேலி பேசுவார்கள். பக்கத்து நாட்டார் பேச்சை நாம் நம்ப வேண்டியதில்லை.

ஒருநாள் மன்னனின் இலையில் வஞ்சிரத் துண்டு சிறுத்திருந்தது.

"கடலில் மீன் குறைந்துவிட்டது மன்னா! குப்பத்துக்காரர்கள் வாரிக் குவிக்கிறார்கள்" என்றார் நீர்நிலை அதிகாரி அகண்டமூர்த்தி.

மறுநாளே கரையில் கல் நட்டார்கள். 'கட்டுமரம் ஒன்றுக்கு நாளுக்கு நூறு மீன். மிஞ்சினால் சிறை.' நெத்திலியும் ஒரு மீன், சுறாவும் ஒரு மீன். பிரித்துச் சொல்லக் கல்லில் இடமில்லை. ஆனால், 'உரிமம் பெற்ற பண்ணை மீனுக்கு இந்த வரம்பு இல்லை' என்று அடியில் ஒரு வரிக்கு மட்டும் இடம் இருந்தது. கழியோரத்தில் பண்ணைக் குளம் வெட்டியிருந்தவர்கள் எல்லாரும் அகண்டமூர்த்தியின் மைத்துனர்கள் என்பது தற்செயல்.

சங்குத்துறைக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போக ஆளில்லாத வீட்டு வாசலில், கரையேறும் கட்டுமரத்துக்காரர் நாலு மீனைப் போட்டுவிட்டுத்தான் தம் வீட்டுக்குப் போவார். யாரும் கேட்பதில்லை, கொடுத்தவர் சொல்லிக்கொள்வதுமில்லை. ஒருநாள் நீலாண்டான் என்ற மீனவன் நூற்று நாலு சாளை மீனோடு கரையேறினான். காவலர்கள் எண்ணினார்கள்.

"அந்த நாலும் என்னுது இல்லை சாமி" என்றான் அவன். அந்தச் சொல்லுக்குக் கல்லில் இடமில்லை. சிறையில் போட்டார்கள்.

அவன் மனைவி செம்பாயி அரசவைக்கு வந்து நின்றாள்.

"ராசா, அவருக்கு நெஞ்சில சளி. செறைத் தரை ஈரமா இருக்கு. விட்டுருங்க. நாலு மீனுக்குப் பதிலா நாப்பது நாள் கடலுக்கே போகாம இருக்கச் சொல்றேன்."

"நாலுதானே என்று விட்டால் நாளை நானூறு" என்றார் அகண்டமூர்த்தி.

மன்னனுக்கு மனம் இளகத்தான் செய்தது. ஆனால் கல்லில் வெட்டிய சொல்லை மாற்றினால் மானம் போய்விடுமே! அவன் அமைச்சர் வெண்காடரைப் பார்த்தான். விடுகதை என்றால் மன்னனுக்கு உயிர்.

"வெண்காடரே, சட்டத்தில் கீறல் விழாமல் அவனை வெளியே கொண்டுவாரும் பார்ப்போம். மூன்று நாள் தவணை!"

"மூன்று யுகம் கொடுங்கள் மன்னா, பாவம்" என்று சிரித்தார் அகண்டமூர்த்தி. அமைச்சரின் புகழ் அவருக்கு நெடுநாளாகத் தொண்டையில் சிக்கிய முள்.

வாசலில் செம்பாயி அமைச்சரை மறித்தாள். "இன்னைக்கே முடியாதாய்யா?"

"மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடுவான் தாயி" என்றார் வெண்காடர்.

ஏன் மூன்றாம் நாள்? அகண்டமூர்த்தி வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் மட்டும்தான் உரிமங்களுக்கு முத்திரை வைப்பார். குளத்தைப் போய்ப் பார்ப்பதில்லை. பட்டு வேட்டியில் சேறு படும். ஓலையைப் படிப்பதுமில்லை. வெள்ளி வந்தது. மைத்துனர்களின் ஓலைகளுக்கு நடுவே வெண்காடர் செருகிய ஓலையும் முத்திரை வாங்கிக்கொண்டது.

அன்றே அரசவையில் வெண்காடர் அதை வாசித்தார்.

"பண்ணைக்காரர், சங்குத்துறை நீலாண்டான். மேற்கு எல்லை, நம் கரை. கிழக்கு எல்லை, சூரியன் எழும் இடம். வடக்கும் தெற்கும், தண்ணீர் உள்ளவரை. வளர்ப்பு, சகல மீனும்."

"அது கடல்!" என்று அலறினார் அகண்டமூர்த்தி.

"முத்திரை வைக்கும்போது தெரியவில்லையா? பண்ணை மீனுக்கு வரம்பு இல்லை மன்னா. நீலாண்டான் குற்றமற்றவன்."

"உரிமம் இன்று கொடுத்தது. மீன் பிடித்தது முந்தி!"

"'உரிமம், பண்ணை தோண்டிய நாளிலிருந்தே செல்லும்' என்பது தாங்கள் எழுதிய விதி அல்லவா? மைத்துனர்கள் முதலில் தோண்டிவிட்டுப் பிறகுதானே விண்ணப்பித்தார்கள்?"

மன்னன் மீசைக்குள் சிரித்தான். "கடலைத் தோண்டிய நாள் எதுவோ?"

"அறுபதினாயிரம் பேர் தோண்டியதாகப் புராணம் சொல்கிறது மன்னா. தேதி சரியாகத் தெரியவில்லை. தாங்கள் பிறப்பதற்குச் சற்று முன்பு."

அவை அதிரச் சிரித்தது. மன்னன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆணையிட்டான்: "நீலாண்டானை அழைத்து வாருங்கள். அகண்டமூர்த்தி இன்றே படகேறி, தாம் முத்திரை வைத்த பண்ணையின் கிழக்கு எல்லையைப் பார்த்து வரட்டும். பார்க்காமல் திரும்ப வேண்டாம்!" தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினான்.

இந்த இடத்தில் கதையை முடிப்பதுதான் முறை. எனக்கும் அதுவே ஆசை.

சிறைக்குப் போன காவலன் தனியாகத் திரும்பினான்.

"விடியற்காலையில் இறந்துவிட்டான் மன்னா. மூன்று நாளாக நல்ல காய்ச்சல்."

கணவனை அழைத்துப் போக வந்து நின்ற செம்பாயி அழவில்லை. "வெளிய வந்துருவாருன்னு உலை வச்சுட்டு வந்தேன்" என்றாள்.

வெண்காடர் மாலையை வாங்கவில்லை. "முதல் நாளே தங்கள் காலில் விழுந்து கெஞ்சியிருக்கலாம் மன்னா. எனக்கு என் புத்தியைக் காட்ட ஆசை. தங்களுக்கு வேடிக்கை பார்க்க ஆசை."

மன்னன் நீட்டிய மாலையைக் கீழே வைத்தான். பிறகு பண்ணை உரிமங்களை எல்லாம் கிழிக்கச் சொன்னான். கரைக் கல்லில் அடி வரியைச் செதுக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறொன்று வெட்டச் சொன்னான்: 'ஆளில்லாத வீட்டுக்கான நாலு மீன் எண்ணிக்கையில் சேராது.'

மறுநாள் முதல் கட்டுமரம் கரையேறியது. காவலர்கள் நூற்று நாலு மீன் எண்ணி, வழிவிட்டார்கள். மரத்துக்காரர் பேசாமல் நடந்து போய், செம்பாயி வீட்டு வாசலில் நாலு மீனைப் போட்டுவிட்டுப் போனார்.