சத்திரக்காரியின் முக்காடு

"அந்த வேஷம் எனக்கு வேண்டாம், வாத்தியாரம்மா" என்றார் ஏகாம்பரம்.

நாடகக் குழுவுக்குப் பாடம் சொல்லித்தரும் மங்களவல்லி வயதில் அவருக்கு இளையவள். ஆனாலும் குழுவில் எல்லோருக்கும் அவள் வாத்தியாரம்மாதான்.

"நாளைக்கு அரங்கேற்றம். இன்னிக்கு வந்து வேண்டாங்கிறீங்களே, அண்ணே?"

"பின்னே என்ன? கடல் கடந்து போன வியாபாரி நான். ரொம்ப நாள் கழிச்சு ஊர் திரும்புறேன். சத்திரம் நடத்துறவ என் மகதான்னு கூட்டத்துல இருக்கிற கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அவகிட்டயே போய், 'என் மக என்னை மறந்துட்டா'ன்னு புலம்பணும். ஊரே சிரிக்குது. நான் என்ன மடையனா?"

ஊரில் ஏகாம்பரத்தின் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அதுதான் வம்பு. ஒத்திகையில் அந்த இடம் வந்தால் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைப் பார்த்து ஒரு கள்ளச் சிரிப்பு சிரித்துவிடுவார். எனக்கும் தெரியும், நான் ஒன்றும் ஏமாளி இல்லை என்று அர்த்தம். அந்தச் சிரிப்போடு காட்சி படுத்துவிடும்.

சிரிப்பை விடுங்கள், இல்லாவிட்டால் வேஷத்தை விடுங்கள் என்று வாத்தியாரம்மா சொல்லியிருந்தாள். வேஷத்தை விட வந்துவிட்டாரே தவிர, மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மேடை என்றால் மனிதருக்கு அத்தனை ஆசை.

அவள் வாதாடவில்லை.

"சரி. சாயங்காலம் வெள்ளோட்டத்துக்கு மட்டும் வாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

அரங்கேற்றத்துக்கு முன்னால் தெருக்காரர்களை உட்காரவைத்து ஒருமுறை நடித்துப் பார்ப்பது அந்தக் குழுவின் வழக்கம்.

சாயங்காலம் ஏகாம்பரம் உள்ளே மீசை ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒத்திகைக் கூடத்து வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பெட்டியோடு இறங்கியவள் அவருடைய மகள் பூங்கோதை. மலேசியாவில் கட்டிக்கொடுத்த பெண். அப்பா நடிப்பதைப் பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள்.

வாத்தியாரம்மா அவளை வாசலிலேயே மடக்கிக் காதில் ஏதோ சொன்னாள். பிறகு கூட்டத்தின் முன்னால் அவளை நிறுத்தி, தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். தெரு மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டது.

பூங்கோதை சத்திரக்காரியின் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு மேடையில் உட்கார்ந்தாள்.

ஏகாம்பரம் மீசையை நீவியபடி வந்தார்.

"அண்ணே, இன்னிக்கு வசனம் வேண்டாம். சத்திரக்காரிகிட்ட உங்க சொந்த மகளைப் பத்திச் சொல்லுங்க" என்றாள் வாத்தியாரம்மா.

"என் கதை எதுக்கு?"

"சும்மா சொல்லுங்க."

அவர் முக்காட்டுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என்னத்தச் சொல்ல, தாயி? எனக்கும் ஒருத்தி இருக்கா, மலேசியாவுல. போன்ல 'வர்றேம்பா, வர்றேம்பா'ம்பா. எங்க வர்றது? பொங்கலுக்கும் வரல. அவளுக்குக் குடும்பம், வேலை. அப்பன் நினைப்பு எங்க இருக்கப் போகுது?"

முன்வரிசையில் ஓர் அம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார். சிரித்தவரே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

ஏகாம்பரத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

"இதுல என்ன சிரிப்பு? பெத்தவன் மனசு வெந்து சொல்றேன்!"

"நீங்க சொல்லுங்கண்ணே" என்றாள் வாத்தியாரம்மா.

"இனி என்ன இருக்கு? இப்ப எதிர வந்து உக்காந்தாக்கூட அவளுக்கு என்னை அடையாளம் தெரியுமோ என்னவோ!"

கூடமே சிரிப்பில் வெடித்தது. முக்காடு குலுங்கியது.

"அப்பா!"

முக்காடு விலகியது. ஏகாம்பரம் ஒரு கணம் விழித்தார். அப்புறம் மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். மீசை கழன்று அவள் தோளில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவு சந்தோஷத்தை அந்தக் கூடம் அதுவரை பார்த்ததில்லை.

கொஞ்சம் அடங்கியதும் கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சீறினார்.

"அடப்பாவிகளா! இத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு. ஒருத்தராவது சொல்லக் கூடாதா? என்னை ஏமாளியாக்கிட்டீங்களே!"

முன்வரிசை அம்மாளுக்கு இன்னும் கண்ணீர் நின்றபாடில்லை.

"ஏமாளின்னு யாருண்ணே நினைச்சா? எப்போ உங்களுக்குத் தெரியும், எப்போ உங்க முகம் மலரும்னு உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டில்ல உக்காந்திருந்தோம்!"

ஏகாம்பரம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

பிறகு பூங்கோதையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்த அம்மாளின் பக்கத்தில் உட்காரவைத்தார். விறுவிறுவென்று மேடையேறினார்.

"வாத்தியாரம்மா, அந்தச் சத்திரக்காரியை வரச் சொல்லுங்க. அவ யாருன்னே எனக்குத் தெரியாது."