மன்னர் கையில் வைத்த தரகு

அரசர்களும் கடன் வாங்கிக் கட்டடம் கட்டிய முன்னொரு காலத்தில், செல்லாண்டி என்றொரு விகடகவி இருந்தான். விடிந்ததும் எழுந்தான். கிணற்றில் நீர் இறைத்தான். பல் துலக்கினான். முந்தின நாள் சோற்றில் மோர் ஊற்றிக் குடித்தான். தலைப்பாகையைக் கட்டினான். கதவைப் பூட்டிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தான். அவன் மனைவி அங்காயி காய்ச்சலில் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த ஆறு மாதமும் எல்லாக் காலையும் இப்படித்தான். மாலையும் ஏறக்குறைய இப்படித்தான்.

விகடகவி என்றால் சிரிக்க வைக்க வேண்டும். அதற்காகத்தான் அரண்மனை அவனுக்குத் தெற்கு வீதியில் ஒரு வீட்டைக் கொடுத்து வைத்திருந்தது. அங்காயி வந்த பிறகுதான் அது வீடு மாதிரி ஆயிற்று. கொல்லையில் அவரைப் பந்தல் போட்டாள். ஒழுகிய ஓட்டைத் தானே ஏறி மாற்றினாள். அவள் போன பிறகும் செல்லாண்டி தவறாமல் சபைக்கு வந்தான், தன் இடத்தில் உட்கார்ந்தான், கேட்டதற்குப் பதில் சொன்னான். சபையில் சிரிப்பு மட்டும் எழவில்லை. மன்னர் பொறுத்துக்கொண்டார். பிரதானி நாகலிங்கனார் பொறுக்கவில்லை. அவருடைய மைத்துனனுக்குத் தெற்கு வீதியில் ஒரு வீடு தேவைப்பட்டது.

அன்றைக்கு மன்னருக்கு ஓர் ஆசை பிறந்தது. ஏரியின் நடுவே ஒரு மண்டபம் கட்ட வேண்டும். அதில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, மாம்பழம் சாப்பிட வேண்டும். கரையில் உட்கார்ந்தாலும் காலைத் தண்ணீரில் விடலாமே என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கருவூலத்தில் அவ்வளவு பணமும் இல்லை. அரண்மனை நஞ்சையை அடமானம் வைத்துக் கடன் வாங்குவதென்று முடிவாயிற்று.

அந்த நாட்டில் நிலத்தை அடமானம் வைப்பவர் நேரே வட்டிக்கடைக்குப் போக மாட்டார். தரகர்தான் போவார். எந்தக் கடையில் என்ன வட்டி, யார் இழுத்தடிப்பார், யார் சொன்ன சொல்லில் நிற்பார் என்பதெல்லாம் தரகருக்குத்தான் தெரியும். நல்ல தரகர் வாய்த்தால் கடன் லேசாகக் கழியும். வாய்க்காவிட்டால் பேரன் காலத்திலும் கழியாது. ஆகவே தரகர்களை அழைத்து வரும்படி மன்னர் ஆணையிட்டார். இரண்டு பேர் வந்தார்கள்.

முதலில் மாரப்பன் என்பவர் வணங்கி நின்றார்.

"மகாராஜா, துறைமுகத்தில் மூன்று வட்டிக்கடைகள். மூன்றுக்கும் போவேன். மூவரும் சொல்வதைச் சொன்னபடியே தங்கள் முன் வைப்பேன். பணம் தங்கள் கைக்கு வந்த பிறகு, நூற்றுக்கு ஒன்று எனக்குத் தரகு. ஒரே ஒரு முறை. கடன் அமையாவிட்டால் எதுவும் வேண்டாம். கடைக்காரர் எனக்கு ஏதாவது கொடுத்தால் அதையும் இதே சபையில் சொல்லிவிடுவேன்."

"மன்னரிடமே கூலியா!" என்றார் பிரதானி. சபை முணுமுணுத்தது.

அடுத்து ஏகாம்பரம் வந்தார். பட்டுத் துண்டு, காதில் கடுக்கன், வாய் நிறைய வெற்றிலை.

"மகாராஜாவுக்குச் செய்யும் வேலைக்கு இந்த அடிமை தரகு வாங்குவதா? நாக்கு அழுகிவிடாதா? எனக்கு ஒரு காசும் வேண்டாம். எல்லாம் இலவசம்."

சபை கை தட்டியது. ஏகாம்பரத்தை அழைத்து வந்தது நான்தான் என்று பிரதானி இரண்டு முறை சொன்னார். மன்னர் பூரித்துப்போய்ச் செல்லாண்டியின் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்கிறாய்?"

செல்லாண்டி ஏகாம்பரத்தைப் பார்த்தான். "ஐயா, உங்கள் வீட்டில் தினமும் உலை கொதிக்கிறதா?"

"கொதிக்கிறது."

"அரிசி யார் தருகிறார்கள்?"

ஏகாம்பரம் வெற்றிலையை விழுங்கிவிட்டார். பிரதானி குதித்து எழுந்தார்.

"பார்த்தீர்களா மகாராஜா! சிரிக்க வைக்கத்தான் வக்கில்லை, நல்லவர் மேல் சேறு பூசவாவது வக்கிருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். தரகு வாங்குகிறார் என்றால் இவன் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் அரண்மனை வீட்டைக் காலி செய்யட்டும்."

மன்னருக்குத் தம் இலவசத்தைக் கெடுத்துவிட்டான் என்ற கோபம்.

"செல்லாண்டி, வாங்காத தரகை வாங்குகிறார் என்கிறாய். சரி. நாளை உச்சிப்பொழுதுக்குள் அந்தத் தரகைக் கொண்டுவந்து என் கையில் வை. இல்லாவிட்டால் தெற்கு வீதி வீட்டின் சாவியைக் கொண்டுவந்து வை."

வீடு என்றதும் செல்லாண்டிக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. ஆறு மாதத்தில் அவனுக்கு வலித்த முதல் இடம் அதுதான். அவரைப் பந்தலை அந்த மைத்துனன் முதல் நாளே பிடுங்கிப் போடுவான்.

"அப்படியே ஆகட்டும் மன்னா. ஆனால் நாளைக் காலை தங்கள் வலக்கையை எனக்குக் கொஞ்ச நேரம் இரவல் தர வேண்டும்."

"கையை மட்டுமா?"

"மற்ற உறுப்புகளும் கூட வரலாம். சத்தம் போடாமல் இருந்தால் சரி."

அவன் எதை நம்பி இதைச் சொன்னான் என்றால், அங்காயியை நம்பித்தான். அவள் மாட்டுத் தரகர் மகள். சந்தையில் தரகர்கள் வாய் திறந்து விலை பேச மாட்டார்கள். இருவர் கைகள் மேலும் ஒரு துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். வட்டிக்கடைத் தரகர்களும் அந்தப் பழக்கத்தையே வைத்திருந்தார்கள். மழைநாளில் வேலை இல்லாதபோது அங்காயி முந்தானையை விரித்து மூடி, ஒரு கத்தரிக்காய்க்காக அவனோடு விலை பேசுவாள். பேசிப் பேசியே முழு மொழியையும் அவன் விரல்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். ஒரு முறைகூட அவன் ஜெயித்ததில்லை.

மறுநாள் காலை செல்லாண்டி மன்னரின் மோதிரங்களைக் கழற்றச் சொன்னான். பிறகு பாடம் நடத்தினான்.

"மணிக்கட்டைத் தட்டினால் வட்டி பேசுகிறார் என்று பொருள். பிடிக்கிற ஒவ்வொரு விரலும் ஒன்று. கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து. உள்ளங்கையைச் சுரண்டினால் அது அவருக்குச் சேர வேண்டிய தரகு. மோதிர விரலை நீவினால் அது உள்ளே இருந்து உதவுகிற ஆளுக்கு."

"எங்கே, சுரண்டு பார்க்கலாம்."

சுரண்டினான். மன்னர் துள்ளிக் குதித்தார். "டேய், கூசுகிறதடா!"

"தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் மன்னா. நாடாள்வது லேசா?"

அதற்குள் மூன்று வட்டிக்கடைக்காரர்களையும் வரவழைத்து, சபையில் மூன்று திரைகள் கட்டியாயிற்று. கடைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் கண்ணாலேயே கூடிப் பேசிவிடுவார்கள், அதனால் ஆளுக்கொரு திரை, கை மட்டும் வெளியே வரட்டும் என்று செல்லாண்டி சொல்லியிருந்தான். பிரதானிக்கும் அது வசதியாகவே பட்டது. மன்னர் பூஜையில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. ஏகாம்பரம் எப்போதும் போவது நடுக்கடை ஒன்றுக்குத்தான். அந்தக் கடையின் முதலாளி அந்த நேரம் அரண்மனை மடைப்பள்ளியில் இருந்தார். இலையில் அதிரசம் விழுந்துகொண்டே இருந்தது. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நடுத் திரைக்குப் பின்னால் மன்னர் உட்கார்ந்து கையை வெளியே நீட்டினார்.

முதலில் மாரப்பன் வந்தார். இடப்பக்கத் திரைக்குப் போனார், வலப்பக்கத் திரைக்குப் போனார். துண்டு போடவில்லை. வாயாலேயே கேட்டார். இரண்டு பேரும் நூற்றுக்கு ஒன்பது என்றார்கள். அதைச் சபைக்குச் சொன்னார். நடுத் திரையை ஏகாம்பரத்துக்கு விட்டு, அவர் பேசி எழுந்ததும் அங்கேயும் கேட்க வேண்டும் என்று சொல்லி ஒதுங்கி நின்றார்.

ஏகாம்பரம் நேரே நடுத் திரைக்கு வந்து உட்கார்ந்தார். பட்டுத் துண்டை உதறிக் கையை மூடினார். பிரதானி பக்கத்தில் நின்று மீசையைத் தடவினார்.

ஏகாம்பரம் மணிக்கட்டைத் தட்டினார். கையை மொத்தமாக ஒரு பிடி. மறுபடியும் ஒரு பிடி. பிறகு இரண்டு விரல். பன்னிரண்டு. மன்னர் கணக்குப் போட்டுக்கொண்டார். அடுத்து உள்ளங்கையில் சுரண்டல், இரண்டு விரல். மன்னர் உதட்டைக் கடித்தார். திரை ஆடியது. கை பின்னால் இழுத்தது.

முதலாளி பேரம் பேசுகிறார் என்று ஏகாம்பரம் நினைத்துவிட்டார். இன்னும் அழுத்திச் சுரண்டினார். மோதிர விரலை நீவி ஒரு விரலைப் பிடித்தார். திரை இன்னும் வேகமாக ஆடியது. கடைசியில் தொழில் வழக்கத்தையும் மறந்து திரையோரம் தலையைச் சாய்த்துக் குசுகுசுத்தார்.

"என்னங்க முதலாளி, இன்னிக்குப் புதுசா இழுக்கறீங்க? வருசா வருசம் எனக்கு ரெண்டு, பிரதானிக்கு ஒண்ணு. எப்பவும் நடக்கறதுதானுங்களே? கட்டப் போறது ராசா. அவருக்குக் கணக்கா தெரியும், மாம்பழந்தான் தெரியும்."

அதற்கு மேல் மன்னரால் முடியவில்லை. வெடித்துச் சிரித்தார். திரை அறுந்து தலையில் விழுந்தது. திரையைப் போர்த்தியபடியே எழுந்து நின்றார், ஏகாம்பரத்தின் கையை விடாமல்.

"மாம்பழமும் தெரியும் ஏகாம்பரம், இப்போது கணக்கும் தெரியும்! செல்லாண்டி, வந்துவிட்டதடா! கையிலேயே வந்துவிட்டது! வட்டி பன்னிரண்டு, இவருக்கு இரண்டு, பிரதானிக்கு ஒன்று!"

ஏகாம்பரம் தரையோடு தரையாகச் சாய்ந்தார். பிரதானி தம் மோதிர விரலை மறு கையால் மறைத்துக்கொண்டார்.

செல்லாண்டி சபையைப் பார்த்துச் சொன்னான்: "பன்னிரண்டில் இவருக்கு இரண்டு, ஐயாவுக்கு ஒன்று. கழித்தால் ஒன்பது. கடையின் வட்டி அதுதான். மாரப்பன் கேட்டது ஒரு முறை. இவர் கேட்காமல் எடுப்பது கடன் தீரும் வரை, ஒவ்வொரு வருடமும். அதை வட்டி என்ற பெயரில் கட்டப் போவது நஞ்சையில் உழுகிறவர்கள்."

"தரகு கேட்கிறவனைக் கண்டு நான் பயந்தேனே" என்றார் மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"கேட்கிறவரிடம் பேரம் பேசலாம் மன்னா. கேட்காதவரிடம் எதைப் பேசுவது?"

மன்னர் தீர்ப்புச் சொன்னார். அடமானத்தை மாரப்பன் முடித்து வைக்க வேண்டும், நூற்றுக்கு ஒன்று அவருக்கு உண்டு. "ஏகாம்பரம் தரகே வாங்குவதில்லை என்று இந்தச் சபையில் சொன்னார். அவர் சொல் பொய்யாகக் கூடாது. இந்த ஊர் ஏழைகளின் அடமானத்துக்கெல்லாம் மூன்று வருடம் தரகு வாங்காமல் அலையட்டும். நாகலிங்கனார் கூடவே போய்த் துண்டைப் பிடிக்கட்டும்."

சபை சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு மன்னர், தெற்கு வீதி வீட்டைச் செல்லாண்டியின் பெயருக்கே எழுதி முத்திரை வைக்கச் சொன்னார். இனி அதை யாரும் கேட்க முடியாது, மன்னரே ஆனாலும். ஒரு பொற்கிழியும் கொடுத்தார்.

செல்லாண்டி இரண்டையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "இது என் சாமர்த்தியம் இல்லை மன்னா. அங்காயி சொல்லிக்கொடுத்தது. அவள் இல்லாவிட்டால் இன்று நான் வீதியில் நிற்பேன்."

மன்னரின் முகம் கனிந்தது. "மகராசி. உயிர் போகும்போதுகூட 'மன்னர் நீடூழி வாழ்க' என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாளாமே? நாகலிங்கனார் சொன்னார்."

"இல்லை மன்னா. பிரதானி அங்கே இல்லை. நான் இருந்தேன்."

"பின் என்னதான் சொன்னாள்?"

செல்லாண்டி பொற்கிழியை மடியில் செருகினான். அப்புறம் அவனையும் மீறி அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"காய்ச்சல் அனலாய் அடித்தது. எப்படியாவது சிரிக்க வைக்கலாம் என்று ஒரு கதை சொன்னேன், எனக்குத் தெரிந்ததில் நல்ல கதை. பாதியில் கண்ணைத் திறந்து பார்த்தாள். 'ஏனுங்க, இது போன வாரமே சொன்னதுங்க. வேற சொல்லுங்க.'"