எதிர் நாற்காலி

"காலை ஆட்டியே என்னைத் தோற்கடிச்சுட்டான் மேடம்!"

தணிகாசலம் போட்ட சத்தத்தில், மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த செஸ் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. இனிமேல் போக என்ன மானம் பாக்கி இருக்கிறது?

கடைசிச் சுற்று. டிரா செய்திருந்தாலே மாநில அணியில் இடம். தலை நரைக்கிற வரைக்கும் காத்துக் கிடந்த இடம். அதைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கிறார், கொதிக்காமல் என்ன செய்வார்?

அவருடைய கோச் ரெஜினா, வயதில் அவரைவிடச் சின்னவர். தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டார்.

"என்ன ஆச்சு சார்?"

"நான் யோசிக்க ஆரம்பிச்சா போதும், அந்த ஜெபராஜ் காலை ஆட்டுவான். மேஜையே குலுங்குது! வயசுல பெரியவன் முன்னாடி இப்படித்தான் ஆட்டுவானா? வீட்டுல சொல்லிக்கொடுக்க ஆளில்லையா? என்னை ஒரு மனுஷனாவே மதிக்கலை. என் யானை வேற வெட்டுப்படப் போகுது. போடா, நீயும் உன் ஆட்டமும்னு ராஜாவைக் கவுத்து, தோத்ததா ஒத்துக்கிட்டு வந்துட்டேன்."

"சரி."

"என்ன சரி? நடுவர்கிட்டப் புகார் கொடுக்கணும். வாங்க என்கூட!"

ரெஜினா கை கழுவிவிட்டு வந்தார். பையிலிருந்து பலகையை எடுத்து விரித்தார்.

"ராஜாவைக் கவுத்தப்போ எப்படி இருந்துச்சோ, அப்படியே அடுக்குங்க."

படபடவென்று அடுக்கினார். அந்தக் கோபத்திலும் ஒரு காய் பிசகவில்லை.

"இப்ப ஜெபராஜ் பக்கம் உட்காருங்க."

"அவன் இடத்துல நான் எதுக்கு உட்காரணும்?"

"உட்காருங்க சார்."

முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். போட்டியில் அவர் ஆடியது வெள்ளை; இப்போது கறுப்பு அவருடையது. வெள்ளைதான் ஆட வேண்டும்.

"ஆடுங்க மேடம். அந்த யானையை வெட்டி ஒரேயடியா முடிச்சுவிடுறேன்."

ரெஜினா ஆடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பலகையையே பார்த்தார்.

வேறு வழியில்லாமல் தணிகாசலமும் பார்த்தார்.

ஐயையோ! அந்த வெள்ளைக் குதிரை. ஒரே தாவு தாவினால் ராஜாவுக்கும் செக், ராணியும் காலி. அதோடு கறுப்பின் கதை முடிந்தது.

இந்தப் பொம்பளை அதைப் பார்த்துவிட்டாளா? பார்க்கக் கூடாது. கடவுளே, பார்க்கவே கூடாது.

ரெஜினாவின் கை மெல்ல எழுந்தது. குதிரைக்கு மேலே வந்து நின்றது.

அது யாருடைய குதிரை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தார்.

"சார்," என்றார் ரெஜினா. "காலை ஆட்டாதீங்க."